கடைசலுக்கு மேலே ஒற்றை விளக்கு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் சுகம். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுது. அப்பா போன பிறகு நீ கடிதமே போடவில்லை. நானும்தான் போடவில்லை, அதனால் குற்றமாகச் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறேன். முன்பு பன்னிரண்டடி இருந்தது, இப்போது முப்பதடி. கட்டில் கால், நாற்காலிக் கால், மாடிப்படிக் கம்பம் என்று வேலை குவிகிறது. ஆனால் உள்ளே நுழைந்தால் ஒரே இருட்டு. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். "எத்தனை லைட்டு, எங்கெங்க வேணும்னு நீங்க சொல்லுங்க, மாட்டிக் குடுத்துடறேன்" என்றார். அதைச் சொல்லத் தெரிந்தால் அவரை எதற்குக் கூப்பிடுகிறேன்? அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. பத்து வருஷமாக விளக்குக் கடையில் இருக்கிறாய். அச்சகத்துக்கும் தையல் கூடத்துக்கும் எந்த இடத்தில் எந்த விளக்கு என்று நீதான் வரைந்து கொடுக்கிறாயாமே, சித்தப்பா சொன்னார். சொந்தத் தம்பிக்கு ஒரு தாள் வரைந்து தர மாட்டாயா?

மரம் கடைகிற கடைசல் மெஷினுக்கு மேலே அப்பாவின் குண்டு பல்பு இன்னும் தொங்குகிறது. பளிச்சென்று ட்யூப் லைட் இருக்கும்போது இந்த மஞ்சள் அழுமூஞ்சி எதற்கு? எடுத்துவிடலாமா என்பதையும் எழுது.

மரக்கடைக்காரர் நேற்றுகூட "நின்னுச்சு எப்படி இருக்கா?" என்று உன்னை விசாரித்தார். அவருக்கு இன்னும் அந்த வேடிக்கை தீரவில்லை. நீ பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
தம்பி

*

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நான் நலம். எட்டு விரலும் நலம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனாவை மூன்று விரலால் பிடிப்பதில் பதினொரு வருஷமாகியும் எனக்குத் தேர்ச்சி வரவில்லை.

பட்டறை பெரிதானது கேட்டுச் சந்தோஷம். விளக்கு என்பது மாலை இல்லை, நீளத்தைப் பார்த்து வாங்கி மாட்டிவிட முடியாது. கை எங்கே இருக்கிறது, கண் எங்கே பார்க்கிறது, நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் வரைய முடியும். ஆகவே கேட்டதற்கெல்லாம் பதில் எழுது.

கடைசல் எந்தச் சுவர் ஓரமாக நிற்கிறது? பக்கத்து ஜன்னல் திறக்குமா? மரத்தைக் கவ்வுவது அதே நாலு தாடைச் சக்கரம்தானா? ரம்ப மெஷின் அதே இடத்தில்தானா, இன்னும் அதே இரைச்சலா?

எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசலில் நிற்பது யார்? நீ மட்டும்தானே? உயரத்துக்குத் தக்கபடி விளக்கை இறக்க வேண்டும், அதனால் கேட்கிறேன்.

மரக்கடைக்காரருக்கு நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரமாகிறது. இங்கு எல்லோரும் நலம், எனக்கு ஒரு குறையும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன்.

கடைசல் பழைய இடத்திலேயே, கிழக்குச் சுவர் ஓரமாக. ஜன்னல் திறக்கும், ஆனால் தூசி வெளியே போகிறதென்று பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். அதே நாலு தாடைச் சக்கரம். ரம்பம் இரண்டடி தள்ளி, அது ஓடினால் நாம் பேசுவது நமக்கே கேட்காது.

கடைசலில் நிற்பது நான்தான். வேறு யார் நிற்பார்கள்? என் உயரம் உனக்குத் தெரியாதா?

சீக்கிரம் அனுப்பு.

தம்பி

*

பிப்ரவரி 14
(எழுதி, உறையில் போட்டு, தபாலில் சேர்க்காதது)

தம்பிக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. இது மேசை இழுப்பறைக்குப் போகிற கடிதம், பொய் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மழை பெய்த மத்தியானம். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலை மூடியிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். ட்யூப் வெளிச்சம் வந்தது, வேலையைத் தொடங்கினேன். தலை நிமிர்ந்து பார்க்காதது என் தப்பு. பார்த்திருந்தால் குண்டு பல்பு இல்லாததைக் கண்டிருப்பேன். "பல்பு எரியாம கடைசலைத் தொடாதீங்க, சக்கரம் கண்ணை ஏமாத்தும்" என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார். மாடியில் நீயும் உன் கூட்டாளிகளும் சீட்டாட வெளிச்சம் போதவில்லை, அதைக் கழற்றிக்கொண்டு போனாய்.

மெஷினை அணைத்தேன். பட்டறையில் நான் மட்டும்தான், நானே ஓடவிட்டிருந்த ரம்பத்தின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. சக்கரம் மெதுவாகி, நின்றது. நாலு தாடையும் அசையாமல் நின்றன. கையை நீட்டினேன்.

பிறகு தரையில் கிடந்தேன். கத்தியது கேட்டு நீதான் முதலில் ஓடி வந்தாய். என்னைத் தூக்கவில்லை. மாடிக்கு ஓடினாய், பல்போடு திரும்பி வந்தாய், ஸ்டூலைப் போட்டு ஏறினாய், மாட்டினாய். அதற்கப்புறம்தான் "அப்பா!" என்று கூப்பிட்டாய். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

"சக்கரம் நின்னுச்சுப்பா" என்றேன். அப்பா மேலே பார்த்தார். "பல்பு எரியுதே, எப்படி நிக்கும்?" என்றார். "கழட்டி வச்சிருந்தான்" என்று சொன்னேன். நீ அவர் முகத்தைப் பார்த்து, "இல்லப்பா, அக்கா ஏதோ யோசனைல நின்னா" என்றாய். கவனமில்லாத கைக்கு உளி எதற்கு என்று என் உளிகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பட்டறை உனக்கு வந்தது. எனக்கு "நின்னுச்சு" என்று பேர் வந்தது. அப்பா அதை நம்பியபடியே போய்ச் சேர்ந்தார்.

கடையில் சேர்ந்த இரண்டாம் வருஷம்தான் காரணம் தெரிந்தது. ட்யூப் லைட் விடாமல் எரிவதில்லை. நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சக்கரத்தின் வேகம் அந்தச் சிமிட்டலோடு ஒத்துப்போனால், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்திருக்கும். பார்ப்பவளுக்குச் சக்கரம் நின்றுவிடும். குண்டு பல்பின் கம்பி சூடு ஆறாமல் எரிவதால், அது பக்கத்தில் இருந்தால் சுற்றுவது சுற்றுவதாகத் தெரியும். அப்பாவுக்குக் காரணம் தெரியாது, ஆனால் கண்டு வைத்திருந்தார்.

இப்போது நீயாகவே கேட்கிறாய், பல்பை எடுத்துவிடலாமா என்று. நான் தேடிப் போகவில்லை. நீயே கழுத்தை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். உன் கையும் நீளட்டும். நீயும் ஒரு தடவை "நின்னுச்சு" என்று சொல்லு, யார் நம்புகிறார்கள் என்று பார்க்கிறேன்.

*

பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீ கல்லு மாதிரி இருப்பது கேட்டு மனது குளிர்ந்தது.

படம் இத்துடன் இருக்கிறது. நீளவாக்கில் நாலு ட்யூப். சுவருக்கு வெள்ளை அடி, வெளிச்சம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். பலகை அறுக்கும் இடத்தில் விளக்கு உன் இடது தோளுக்கு மேலே வர வேண்டும்.

கடைசலுக்கு நேர் மேலே ஒற்றை ட்யூப், நாலடி உயரத்தில். அந்தக் குண்டு பல்பைக் கழற்றிவிடு. கண் கூசும், சூடு, பழைய காலத்து ஏற்பாடு. ஜன்னலையும் அடைத்துவிடு, பக்கத்து வீட்டுச் சண்டையும் ஓயும்.

இதெல்லாம் நான் தொழிலாகச் செய்வது, தைரியமாக மாட்டு.

அக்கா

*

மார்ச் 19

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் சௌக்கியமா? இதுவரை உங்களுக்கு நான் தனியாக எழுதியதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

போன ஒன்றாம் தேதி விளக்கெல்லாம் மாட்டியாயிற்று. நீங்கள் வரைந்த படத்தை எலக்ட்ரீஷியன் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, அங்குலம் பிசகாமல் செய்தார். பட்டறை பட்டப்பகலாக இருக்கிறது.

உங்கள் தம்பி எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன், காட்டிக்கொடுக்காதீர்கள். அவருக்கு முதுகு போய்விட்டது. எட்டு மாதமாக ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து அளவு சொல்வார், கடைசலில் நிற்பது நான்தான். பெட்டியில் இருந்த உங்கள் உளிகளை எடுத்துத் தீட்டி வைத்திருக்கிறேன். பிடி சின்னதாக, என் கைக்குச் சரியாக இருக்கிறது. தப்பாக நினைக்க மாட்டீர்களே?

ஒரே ஒரு சந்தேகம். மெஷினை அணைத்ததும் சக்கரம் சில நேரம் பின்பக்கமாகப் போகிற மாதிரி தெரிகிறது. நேற்று அசையாமல் நின்ற மாதிரியே இருந்தது. அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "இந்த வீட்டுக்கு இன்னொரு நின்னுச்சு வந்துட்டா" என்றார். அந்தப் பேர் யாருடையது என்று எனக்கு விளங்கவில்லை. என் கண்ணில்தான் கோளாறா, அண்ணி?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மார்ச் 24

தங்கச்சி,

தந்தி கிடைத்திருக்கும். "கடைசலைத் தொடாதே" என்று இரண்டே சொல். அதற்கான விளக்கம் இது.

உன் கண்ணில் கோளாறு இல்லை. என் படத்தில்தான் கோளாறு. தெரியாமல் நேர்ந்ததில்லை, தெரிந்தே வரைந்தேன். அந்த ஒற்றை ட்யூபின் வெளிச்சத்தில் ஓடுகிற சக்கரம் நின்றதாகத் தெரியும். என் இரண்டு விரலும் அப்படித்தான் போயின. அந்தப் பேர் என்னுடையது. கடைசலில் நிற்பது அவன் மட்டும் என்று அவன் எழுதினான், நான் அவன் கையை நினைத்து வரைந்தேன். உன் கை என்று தெரியாது. இதைச் சொன்னால் என் பாவம் குறையும் என்று எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் குண்டு பல்பை மாட்டு. ஜன்னலைத் திற. அதுவரை யாரும் மெஷின் பக்கம் போக வேண்டாம்.

அப்புறம் அவனிடம் இதைப் படித்துக் காட்டு. ஜன்னலை மூடி, பல்பை அணைத்துவிட்டு, ட்யூபை மட்டும் எரியவிட்டு, மெஷினை முழு வேகத்தில் ஓட்டி அணைக்கச் சொல். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளட்டும், வலது கையில் நீளத் துடைப்பம் ஒன்று இருக்கட்டும். சக்கரம் நின்றது என்று அவன் கண் சொல்லும்போது துடைப்பத்தின் நுனியை நீட்டட்டும். நீ தள்ளி நில்.

அக்கா என்று கையெழுத்துப் போட இன்று கூச்சமாக இருக்கிறது.

*

ஏப்ரல் 5

தங்கச்சி,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு போகிறார். கோபமாக இருந்தால் இரு, திட்டி எழுது, எழுதாமலும் இரு. ஆனால் ஒரே ஒரு வரி. விரல் பத்தும் இருக்கிறதா?

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

அவள் நலம். விரல் பத்தும் இருக்கின்றன. உனக்கு எழுத மாட்டேன் என்கிறாள், அதனால் நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை என் முன்னால் நின்று சத்தமாகப் படித்தாள். நீ சொன்னபடியே செய்தோம். மெஷினை அணைத்தேன். வேகம் குறைந்தது. நாலு தாடையும் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. நின்னுச்சு, அக்கா. சத்தியமாக நின்னுச்சு. கையை நீட்டலாம் என்று எனக்கே தோன்றியது. துடைப்பத்தை நீட்டினேன். அது கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. குச்சிகள் முகத்தில் தெறித்தன. அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

நீ பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். போதுமா? ஆனால் கூடப் பிறந்தவனின் கையை வாங்கப் படம் வரைந்து அனுப்புகிறவள் உலகத்தில் உண்டா? நான் உனக்கு அப்படி என்ன செய்தேன்? அது ஒரு விபத்து. யாருக்கும் காரணம் தெரியாது. அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம், இரண்டு பேரும் மறந்துவிடுவோம்.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அவள் விரல்கள் நலம் என்று படித்தபின் மீதியைப் படிக்க அரை மணி நேரமாயிற்று. கண் தெரியவில்லை.

அப்படி ஒருத்தி உண்டா என்று கேட்டாய். உண்டு. நான்தான். அதை என் கையாலேயே உன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். துடைப்பம் இருக்கிறது, தாடை இருக்கிறது, அப்பா இருக்கிறார். ஸ்டூலைக் காணோம்.

நான் மயங்கிக் கிடந்தேன் என்றா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாய்? முழிப்போடு இருந்தேன். உன் வலது கால் செருப்பு ஸ்டூலுக்குக் கீழே கழன்று விழுந்தது வரைக்கும் பார்த்தேன். பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதத்தை இத்துடன் வைக்கிறேன். இதன் நகல் உன் வீட்டு விலாசத்துக்கு, அவள் பேருக்கு, மே கடைசியில் வரும். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிட்டால் அனுப்ப மாட்டேன்.

அவளிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னால் போதாது. எனக்குப் பேர் வைத்தது தெருவுக்கே தெரியும். அந்த மரக்கடைக்காரரும் இருக்க வேண்டும், சித்தப்பாவும் இருக்க வேண்டும். உன் முதுகு வலிக்குமென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஸ்டூலில் ஏறு.

அக்கா

*

மே 30

அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன நகல் தேவையில்லை. மூலத்தையே என் கையில் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். துவைக்கப் போட்ட சட்டையை இரண்டு தடவை ஓடி வந்து பிடுங்கிக்கொண்டு போனார். எனக்கு அப்போது காரணம் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவரே போய் சித்தப்பாவையும் மரக்கடைக்காரரையும் கூட்டி வந்தார். எலக்ட்ரீஷியனும் இருந்தார். பட்டறை நடுவில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார். "நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று மரக்கடைக்காரர் வந்தார். "வேண்டாம், அன்னைக்கு யாரும் பிடிக்கல" என்றேன். பல்பைக் கழற்றினார், இறங்கினார், மறுபடி ஏறி மாட்டினார். "அவ ரத்தத்துல கிடந்தா. நான் இதைத்தான் செஞ்சேன்" என்றார். அப்புறம் ஜன்னலை மூடி, பல்பை அணைத்து, மெஷினை ஓட்டிக் காட்டினார். சக்கரம் நின்றது. துடைப்பம் பறந்தது.

சித்தப்பா வெளியே போய்விட்டார். மரக்கடைக்காரர் சக்கரத்தருகே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லலையா?" என்றார். "இல்ல, பொய் சொன்னது நான்" என்றார் உங்கள் தம்பி. அதைச் சொல்லும்போது அவர் குரலைக் கேட்டிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு இல்லை. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது, வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் விஷயம். அவர் உங்களிடம் பொய் எழுதினார், நீங்கள் அவருக்குப் பொய்ப் படம் அனுப்பினீர்கள். நடுவில் நின்றது என் கை. மார்ச் ஒன்றிலிருந்து தந்தி வந்த நாள் வரை தினமும் அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நின்றேன். எத்தனை தடவை கையை நீட்டப் போனேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. விளக்கை நானே தேர்ந்தெடுத்தேன். கடைசலுக்கு இரண்டு குண்டு பல்பு, இடமும் வலமும், ஸ்டூல் இல்லாமல் என் கைக்கு எட்டும் உயரத்தில். மெஷினுக்கும் பல்புக்கும் ஒரே சுவிட்ச். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டோடு சண்டையை நானே போட்டுக்கொள்கிறேன்.

உளிகளை அனுப்பச் சொல்வீர்களோ என்று அவர் பயப்படுகிறார். அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

சுகம் விசாரிக்காமல் கடிதத்தை முடிப்பது முறையில்லை. எனக்குப் பத்து விரலும் நலம். உங்களுக்கு எட்டும் நலம்தானே?